"சூனியக்காரிக்கெல்லாம் லீவா?" – அமெரிக்க அலுவலகத்தில் பேகன் ஊழியரின் உரிமை

கேட்டவர் ஓஹாயோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீட். அவர் குழுவில் இருக்கும் ஒரு பெண், அக்டோபர் 31 இரவு தனக்கு வந்திருக்கும் ஆன்-கால் முறையை (அவசரம் என்றால் அழைத்ததும் வேலைக்கு வர வேண்டிய பொறுப்பு) வேறொருவருக்கு மாற்றித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். தான் விக்கா மதத்தைச் சேர்ந்தவர், அன்று தங்களுக்குப் பெருநாள் என்று காரணமும் சொல்லியிருக்கிறார். டீம் லீட் அதை மேலாளரிடம் கொண்டுபோனபோது, "சூனியக்காரிக்கெல்லாம் லீவா?" என்று நாலு பேர் முன்னால் அவர் சிரித்திருக்கிறார். அந்தப் பெண்ணும் அங்கேதான் இருந்திருக்கிறார். "இது உண்மையிலேயே ஒரு மதம்தானா? சட்டம் இதை ஏற்குமா? நான் என்ன செய்ய வேண்டும்?" என்பது கேள்வி.

மதம்தான். சட்டமும் ஏற்கிறது. உங்கள் மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த ஒரு வரி, நாளைக்கு ஒரு புகார் மனுவின் முதல் பத்தியில் இருக்கக்கூடிய வரி. அமெரிக்காவில் 18 ஆண்டுகளாக மனிதவளத் துறையில் வேலை பார்க்கிறேன். இந்த விஷயத்தில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன், அதையும் கீழே சொல்கிறேன். அதனால்தான் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில், விக்காவையும் சேர்த்துக் குறிக்கும் அந்தப் பொதுச் சொல். "பேகன்" என்பது லத்தீனில் கிராமத்தானைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கிறிஸ்தவம் பரவிய பிறகு, அதை ஏற்காதவர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லாக அது ஆகிவிட்டது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு காலத்து மிஷனரிகள் நம் முன்னோரின் வழிபாட்டை "அஞ்ஞானம்" என்று எழுதியதும் இதே பொருளில்தான். அவர்கள் கணக்கில் அம்மன் கோயிலில் பொங்கல் வைத்தவர்கள் அத்தனை பேரும் பேகன்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் குழுவில் இருக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தால், அவர் அவ்வளவு அந்நியமாகத் தெரியமாட்டார்.

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தங்களைத் தாங்களே பேகன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் பல வகை. விக்கா, 1950-களில் ஜெரால்டு கார்ட்னர் என்பவரால் இங்கிலாந்தில் வெளியே தெரியவந்த மார்க்கம். தேவியையும் தேவனையும் வணங்குவார்கள், ஆண்டில் எட்டுப் பருவத் திருநாள்கள் கொண்டாடுவார்கள். இவர்களில் பலர் தங்களை "விட்ச்" (சூனியக்காரர்) என்றே சொல்லிக்கொள்வார்கள், கேலி அங்கிருந்துதான் வருகிறது. பழைய நார்ஸ் தெய்வங்களை வணங்குபவர்கள் தங்களை ஹீதன் என்றும் ஆசாத்ரு என்றும் சொல்வார்கள். ட்ரூயிடுகள் இருக்கிறார்கள். பழைய எகிப்தியத் தெய்வங்களை வணங்கும் கெமெட்டிக் வழியினர் இருக்கிறார்கள். 2021-இல் இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் எழுதினார்கள்.

அக்டோபர் 31 மாலை தொடங்கும் அவர்கள் திருநாளின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் சாம்ஹெயின் என்று படிக்கத் தோன்றும், உச்சரிப்பு "சவ்வின்". அறுவடை முடிந்து இருட்டுக் காலம் தொடங்கும் நாள். இறந்துபோனவர்களுக்கு விளக்கேற்றி, இலை போடுவதுபோல் ஒரு தட்டில் உணவு வைக்கும் வழக்கம் அவர்களில் பலருக்கு உண்டு. நமக்கு மகாளய அமாவாசை எப்படியோ, அவர்களுக்கு அது. அதே வாரத்தில்தான் அமெரிக்க அலுவலகம் முழுவதும் பச்சை மூஞ்சியும் கோணல் மூக்கும் வைத்த சூனியக்காரி பொம்மைகள் தொங்கும். அவர் அதற்கு நடுவே உட்கார்ந்துதான் அந்த முறை மாற்றத்தைக் கேட்டிருக்கிறார். கேட்பதற்கே எவ்வளவு தயங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தன் மதத்தை வெளியே சொல்லாமல் வாழ்வதை அவர்கள் "துடைப்ப அறைக்குள் இருப்பது" என்பார்கள். உங்களை நம்பித்தான் அவர் அந்த அறையை விட்டு வெளியே வந்திருக்கிறார்.

இப்போது சட்டம். 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். மதத்தைக் காரணம் காட்டி வேலை மறுக்கவோ, நீக்கவோ, துன்புறுத்தவோ கூடாது. ஊழியரின் மதக் கடமைக்கு இயன்றவரை இடம் செய்துதரவும் வேண்டும். இதில் "மதம்" என்பதற்கு மிக விரிவான பொருள் கொள்கிறார்கள். 1965-இலும் 1970-இலும் போருக்குப் போக மறுத்தவர்களின் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அது: கடவுளை நம்புபவர் மனதில் கடவுளுக்கு இருக்கும் இடம், இவர் மனதில் இவருடைய நம்பிக்கைக்கு உண்மையாகவே இருக்கிறதா? இருந்தால் போதும். வேலை வாய்ப்புப் பாகுபாட்டு வழக்குகளைக் கையாளும் கூட்டாட்சி ஆணையமும் (எல்லோரும் இ.இ.ஓ.சி. என்பார்கள்) இதையே பின்பற்றுகிறது. மதம் புதிதாக இருக்கலாம், பின்பற்றுபவர்கள் கைவிரல் எண்ணிக்கையாக இருக்கலாம், கேட்பவருக்கு அறிவுக்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். ஒன்றும் தடையில்லை. கோயில் வேண்டாம், வேதம் வேண்டாம், குருக்களிடமிருந்து கடிதம் வேண்டாம். தனியாக வீட்டில் வழிபடும் விக்காக்கள் ஏராளம். அவர்களுக்குக் கடிதம் தர ஒரு பூசாரியே கிடையாது.

விக்கா மதமா என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன. 1986-இல் வர்ஜீனியா சிறைக் கைதி ஒருவரின் வழக்கில், விக்கா மதமே என்று நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அவர் கேட்ட மெழுகுவர்த்தி, உப்பு, ஊதுவத்தி, முக்காடில்லாத வெள்ளை அங்கி இவற்றைப் பாதுகாப்புக் காரணம் சொல்லிச் சிறை மறுத்தது சரிதான் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதாவது மதம் என்று ஏற்பது வேறு, கேட்டதெல்லாம் கொடுப்பது வேறு. இந்த வித்தியாசம் அலுவலகத்துக்கும் பொருந்தும். அமெரிக்க ராணுவம் இன்னும் முன்பே, 1978-இல், தன் மதகுருமார்களுக்கான கையேட்டில் விக்காவுக்கு இடம் கொடுத்திருந்தது.

ஆனால் தீர்ப்புகள் வந்துவிட்டதால் மனிதர்கள் மாறிவிடவில்லை. 1999-இல் டெக்சாஸின் ஃபோர்ட் ஹுட் ராணுவத் தளத்தில் விக்கா வீரர்கள் வழிபட அனுமதி இருப்பது செய்தியானபோது, அப்போது ஆளுநராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ், சூனியத்தைத் தான் மதமாகக் கருதவில்லை என்று தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். அதன் பிறகு, 2005-இல் ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த நெவாடாவைச் சேர்ந்த ஒரு விக்கா வீரரின் நினைவுப் பலகையில் அவர்களுடைய வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரச் சின்னத்தைப் பொறிக்க, அவர் மனைவி அரசோடு போராட வேண்டியிருந்தது. வழக்குக்குப் பிறகு 2007 ஏப்ரலில்தான் முன்னாள் ராணுவத்தினர் நலத் துறை அந்தச் சின்னத்தை அங்கீகரித்தது. நாட்டுக்காக உயிர் கொடுத்தவருக்கே இவ்வளவு இழுபறி என்றால், ஆன்-கால் மாற்றக் கேட்பவருக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

வேலையிட வழக்குகளில் நான் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்வது ரெட் ராபின் வழக்கு. வாஷிங்டன் மாநிலத்தில் பெல்வியூ நகரத்தில் அந்த பர்கர் உணவகத்தின் கிளையில் பரிமாறுபவராக ஒரு இளைஞர் வேலை பார்த்தார். கெமெட்டிக் வழியினர். இரண்டு மணிக்கட்டையும் சுற்றி கால் அங்குலத்துக்கும் குறைவான அகலத்தில் பச்சை குத்தியிருந்தார். சூரியத் தெய்வமான ராவுக்குத் தன்னை அர்ப்பணித்துக்கொண்ட சடங்கில் குத்தியது அது. வேண்டுமென்று அதை மூடி மறைப்பது அவர் நம்பிக்கையில் பாவம். சில மாதங்கள் வேலை பார்த்தார். வாடிக்கையாளர் யாரும் குறை சொல்லவில்லை. பிறகு புதிதாக வந்த ஒரு மேலாளர் கண்ணில் அது பட்டது. பச்சை தெரியக்கூடாது என்பது நிறுவன விதி, மூடு என்றார்கள். இவர் தன் நம்பிக்கையை விளக்கினார், விலக்குக் கேட்டார். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அந்த நிறுவனம் என்ன வாதிட்டது தெரியுமா? குடும்பங்களும் குழந்தைகளும் வரும் இடம், பச்சை தெரிந்தால் எங்கள் பெயர் கெடும் என்றது. பெயர் எங்கே கெட்டது, யார் குறை சொன்னார்கள் என்று காட்ட அவர்களிடம் ஒன்றுமில்லை. விசாரணையின்றி வழக்கைத் தங்கள் பக்கம் முடித்துக்கொடுக்கக் கேட்டதை 2005-இல் நீதிமன்றம் மறுத்தது. அதே ஆண்டு 1,50,000 டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. கெமெட்டிக் வழியைப் பின்பற்றுபவர்கள் நாட்டிலேயே மிகச் சிலர்தான். அது வழக்கைக் கொஞ்சமும் பலவீனப்படுத்தவில்லை. எனக்கு இந்த வழக்கில் பிடித்ததே அதுதான்.

எதிர்ப் பக்கம் முடிந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1997-இல் இல்லினாயில், ஹாலோவீனைத் தன் புனித நாளாகக் கொண்ட ஒரு மருத்துவப் பணியாளர் தன்னை நீக்கியதற்கு எதிராக வழக்குப் போட்டார். அவர் நம்பிக்கை இந்தச் சட்டத்தின்படி மதமே என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் நீக்கியதற்கு மதம்தான் காரணம் என்று அவரால் காட்ட முடியவில்லை, தோற்றார். பேகன் ஊழியர்களின் கஷ்டம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சொல்லாமல் இருந்தால், "எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நிறுவனம் கேட்கும். சொன்னால் கேலி தொடங்கும். முக்காடு அணிந்துவந்த ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு வேலை மறுத்த அபர்க்ரோம்பி துணிக்கடை வழக்கில், 2015-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. விண்ணப்பித்தவர் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டியதில்லை, மத வழக்கத்துக்கு இடம் கொடுக்க நேருமே என்று தவிர்க்க நினைத்து முடிவெடுத்திருந்தாலே குற்றம் என்றது. இருந்தாலும் எழுத்தில் ஒரு மின்னஞ்சல் இருப்பதுபோல் வராது.

என் கதையைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு கிடங்கு நிறுவனத்தில் இருந்தேன். பொருள் அடுக்கும் பிரிவில் ஒரு பெண் கழுத்தில் அந்த ஐந்து முனை நட்சத்திரத்தை ஒரு சின்னச் சங்கிலியில் போட்டிருந்தார். பக்கத்தில் வேலை செய்த இரண்டு பேர், சாத்தானின் சின்னம், பயமாக இருக்கிறது என்று புகார் கொடுத்தார்கள். புகார் கொடுத்தவர்களில் ஒருவர் கழுத்தில் சிலுவை இருந்தது. என் மேலதிகாரி, சங்கிலியைச் சட்டைக்குள் போடச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். எழுதினேன். "உடை விதிகளின்படி" என்று எழுதினேன். அப்படி ஒரு விதியே கிடையாது, எனக்குத் தெரியும். அந்தப் பெண் குறிப்பைப் படித்துவிட்டு, "சிலுவைக்கும் இந்த விதி உண்டா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதிலில்லை. ஆறு வாரத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். என் நெற்றியில் அன்றைக்கும் பொட்டு இருந்தது. அதை எடு என்று யாராவது எனக்குக் குறிப்பு அனுப்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதை வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன்.

அன்று நான் செய்தது சட்டப்படியும் தவறு. சக ஊழியர்களுக்கு ஒரு மதத்தின்மேல் இருக்கும் வெறுப்பை, நிறுவனத்தின் "சிரமம்" என்று கணக்கில் காட்டக்கூடாது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் வந்த கிராஃப் வழக்கின் தீர்ப்பு இதைத் தெளிவாகவே எழுதிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த ஒரு கிறிஸ்தவ அஞ்சல் ஊழியர். 1977 முதல், கொஞ்சம் செலவானாலே போதும், மறுத்துவிடலாம் என்ற நிலை இருந்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். இனி அந்தத் தொழிலின் அளவோடு ஒப்பிட்டால் கணிசமான சுமை என்று நிறுவனம் காட்டினால்தான் மறுக்கலாம். ஒரு கிறிஸ்தவர் வாங்கிய தீர்ப்பு விக்காவுக்கும் ஆசாத்ருவுக்கும் உங்களுக்கும் எனக்கும் அப்படியே பொருந்தும். பெரும்பான்மை மதத்துக்காரரின் நாள்காட்டியை ஒட்டியே அலுவலக விடுமுறைகள் இருக்கின்றன. டிசம்பர் 25 அவருக்குக் கேட்காமலே கிடைக்கிறது. டிசம்பர் 21-ஐ ஒட்டி வரும் யூல் திருநாளுக்கு ஒரு விக்கா கேட்டுத்தான் வாங்க வேண்டும். தீபாவளிக்கு நாம் கேட்டு வாங்குவதுபோல.

நிறுவனத்துக்கும் வரம்பு இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றவோ சாம்பிராணி போடவோ அனுமதி கேட்டால் தீ விதியைச் சொல்லி மறுக்கலாம், எல்லா மதத்துக்கும் அதே விதி இருக்கும்வரை. கேட்ட அதே ஏற்பாட்டைத்தான் தர வேண்டும் என்பதில்லை. முறை மாற்றம், ஈடு வேலை, சம்பளமில்லா விடுப்பு என்று நியாயமான ஒன்றைத் தரலாம். மத அமைப்புகள் தங்கள் மதத்தவரையே வேலைக்கு வைத்துக்கொள்ளச் சட்டமே விலக்குத் தருகிறது. அந்த விலக்குக்கும் ஓர் எல்லை கண்ட வழக்கு உண்டு. மிசிசிப்பியில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு நடத்திய, குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி மையத்தில் வேலை பார்த்த ஒரு விக்கா பெண், அலுவலக நகல் இயந்திரத்தில் தன் வழிபாட்டுக் குறிப்புகளை நகலெடுத்ததற்காக நீக்கப்பட்டார். அந்த வேலைக்கான சம்பளம் பெருமளவு அரசுப் பணம் என்பதால், அங்கே மத விலக்கைப் பயன்படுத்த முடியாது என்று 1989-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

கொஞ்சம் சிக்கலான ஒன்று தோரின் சுத்தியல். நார்ஸ் வழியினர் கழுத்தில் போடும் சின்னம் அது. வெள்ளை இனவெறிக் கும்பல்கள் சிலவும் அதைத் தூக்கிக்கொண்டு திரிகின்றன. அதைப் பார்த்ததும் அணிந்தவரை இனவெறியர் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இனவெறியை வெளிப்படையாக எதிர்க்கும் ஹீதன் அமைப்புகள் பல இருக்கின்றன. ஒருவர் நடத்தையில் வெறுப்புத் தெரிந்தால் நடத்தைக்காக நடவடிக்கை எடுங்கள். ஸ்வஸ்திகா விஷயத்தில் நாம் பட்டிருப்பதும் இதேதான், புதிதாக நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் குழுவுக்கு வருகிறேன். அவர் டீம் லீடான உங்களிடம் சொன்னதே நிறுவனத்திடம் சொன்னதாகக் கொள்ளப்பட வாய்ப்பு அதிகம். அதனால் "மேலாளர்தான் மறுத்தார், நான் இல்லை" என்று நீங்கள் ஒதுங்க முடியாது. ஒரே ஒரு கேலிச் சொல்லைத் துன்புறுத்தல் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்வது அரிது. அது தொடர்ந்து நடக்க வேண்டும், அல்லது மிகக் கடுமையாக இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் முறை மாற்றத்துக்கு மறுப்பு வந்தால், அடுத்த மதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தால், மறுப்புக்கான உள்நோக்கத்தை அந்தச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவது தனிக் குற்றம். முதல் புகார் நிரூபணமாகாமல் போனாலும் பழிவாங்கியதற்காக மட்டும் நிறுவனம் தோற்கலாம்.

அவர் ஆணையத்துக்குப் போக விரும்பினால், சம்பவம் நடந்து 180 நாளுக்குள் போக வேண்டும். மாநில அளவில் இதே வேலையைச் செய்யும் அமைப்பு இருக்கும் இடங்களில் 300 நாள். ஓஹாயோவில் அப்படி ஒன்று இருக்கிறது. வழக்குப் போட ஆணையம் அனுமதிக் கடிதம் கொடுத்த பிறகு 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். மன வேதனைக்கும் தண்டனையாகவும் தரும் இழப்பீட்டுக்கு, நிறுவனத்தின் அளவைப் பொறுத்து 50,000 முதல் 3,00,000 டாலர் வரை உச்சவரம்பு உண்டு. சம்பள பாக்கி அதில் சேராது. இதையெல்லாம் நீங்கள் அவருக்குத் தெரியாமல் மறைக்க வேண்டாம், அவரைத் தள்ளிவிடவும் வேண்டாம். முடிவு அவருடையது.

நீங்கள் இன்றைக்குச் செய்ய வேண்டியது இது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அன்று நடந்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். அவருடைய மதத்தைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள். மந்திரம் போடுவீர்களா, பூனை வளர்க்கிறீர்களா என்ற பேச்சே வேண்டாம். நம்பிக்கையின் உண்மையைச் சந்தேகிக்க உருப்படியான காரணம் இருந்தால் மட்டுமே நிறுவனம் விளக்கம் கேட்கலாம். இங்கே ஒரு காரணமும் இல்லை. கோரிக்கையை ஒரு மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லுங்கள்: தேதி, மதத் திருநாள் என்ற ஒரு வரி, யாருடன் முறை மாற்றிக்கொள்ளத் தயார் என்பது. அதை மனிதவளத் துறைக்கு அனுப்பும்போது, மேலாளர் என்ன சொன்னார், எந்தத் தேதியில், யார் யார் இருந்தார்கள் என்பதையும் நீங்களே எழுதி அனுப்புங்கள். அவர் எழுதுவதற்கும் சாட்சியான நீங்கள் எழுதுவதற்கும் எடை வேறு. மேலாளரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டே அனுப்பலாம். அவர் திருத்திக்கொள்ளவும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

ஆன்-கால் அட்டவணையைப் பொறுத்தவரை, தீபாவளி இரவு அந்தப் பெண் யாருக்காவது முறை மாற்றிக்கொடுத்திருக்கிறாரா என்று பழைய அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். என் அனுபவத்தில் அநேகமாகக் கொடுத்திருப்பார். வேறு யாரும் கிடைக்காவிட்டால் அக்டோபர் 31 இரவை உங்கள் பெயரில் போட்டுக்கொள்ளுங்கள்.